தொண்டிக் கல்யாணமும் பச்சைக் கரடியும்

தொண்டி பக்கத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால், பெண்கள் பகுதியைப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் ஆண் கேமராக்காரர் வரக்கூடாது. ஜுமானா எடுத்தால் எந்தப் பெண்ணின் முகமும் வெளியே போகாது என்று ஏழெட்டு ஊர் மாமிமார்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை வாங்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

காலிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கவலை காலிதாவுக்கு இல்லை, அவளுடைய அக்கா சுஹாவுக்குத்தான். சுஹா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது சார்ஜாவில் இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கருகமணி கட்டுறத மட்டும் நான் பாத்துரணும் ஜுமானா. மத்ததெல்லாம் பொறவு கேட்டுக்கிடுறேன்" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

எங்களுக்குத் தாலி என்றால் கருகமணிதான். ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் உம்மா வந்து பெண்ணின் கழுத்தில் கட்டுவார். ஒரு நிமிஷ வேலை. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தங்கையின் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சுஹா கேட்டாள். நான் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன்.

சார்ஜாவில் வாட்ஸப் வீடியோ கால் எடுபடாது. வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்றால், சுஹாவின் உம்மா சைனம்பு மாமி ஒரே பிடியாக நின்றார்.

"அனுப்புன சாமான் திரும்பி வராதுடி. எம்மவ முகம் எவன் போன்லயும் கெடக்கக் கூடாது."

"அப்ப அனுப்ப வேணாம் மாமி. சுஹாவ நான் இங்கன கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கொரோனா காலத்தில் சுஹாவும் நானும் உட்பட பள்ளிக்கூடத் தோழிகள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு ஆன்லைன் விளையாட்டில் விழுந்தோம். ஆளுக்கொரு தீவு, ஆளுக்கொரு வீடு. மீன் பிடிக்கலாம், தோட்டம் போடலாம், அடுத்தவள் வீட்டுக்குப் போய் வம்பளக்கலாம். கல்யாணமாகி குவைத்துக்கும் சென்னைக்கும் பிரிந்த பிறகும் அந்தத் தீவை நாங்கள் விடவில்லை. அதில் என் வீட்டுச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. என் லேப்டாப்பில் ஓடும் வீடியோவை அதில் ஓட்டலாம். கேமராவிலிருந்து ஒரு வயரைச் செருகினால் நேரடியாகவே காட்டலாம். அவரவர் பொம்மை வடிவத்தில் வந்து சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பேசினால் கேட்கும். ஃபைல் எதுவும் யார் கைக்கும் போகாது.

மாமி லேப்டாப் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தார்.

"இந்த வீட்டுக்குள்ள வேத்தாளு வருமா?"

"கதவச் சாத்திட்டா நான் கூப்புட்ட ஆளு மட்டுந்தான் மாமி. தொறந்து போட்டாத்தான் போறவன் வாரவனெல்லாம் நுழைவான்."

"சாத்திருவயில்ல?"

"மாமி, நான் ஜுமானா."

கல்யாணத்தன்று மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லேப்டாப்பை வைத்தேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். சுஹாவின் பொம்மை மஞ்சள் கவுன் போட்ட பூனை. அது வாசலுக்குள் நுழைந்து கையாட்டியதும் மண்டபத்துப் பெண்கள் நாற்காலியை மொய்த்துவிட்டார்கள்.

"இந்தப் பூனையா நம்ம சுஹா?"

"வயித்தக் காணோமே!"

"பாவம், அதுக்கு ஒரு சர்பத்து குடுங்கடி."

பூனை சார்ஜாவிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது. நான் கேமராவைக் காலிதாவின் பக்கம் திருப்பினேன். தலை குனிந்து, முக்காடும் மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் ஆகி, மைக்கில் துஆவும் முடிந்தது. மாப்பிள்ளை காஜா நவாஸின் உம்மா மேடையேறி, தட்டிலிருந்து கருகமணியை எடுத்தார். படம் சரியாகப் போகிறதா என்று லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தேன். எங்கள் ஆறு பொம்மைகள் சோபாவில் இருந்தன. ஏழாவதாகப் பச்சைச் சட்டை போட்ட கரடி ஒன்று திரைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையால் லென்ஸைப் பொத்தினேன்.

கதவு திறந்திருந்தது. வேறு யாரும் திறக்கவில்லை, நானேதான் திறந்தேன். காலையில் அந்தப் பொம்மை வீட்டுக்கும் சீரியல் பல்பு மாட்டி, வாசலில் பந்தல் போட்டு, கடைசியாகக் கதவை விரியத் திறந்து வைத்தேன். எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலைச் சாத்துவது பெரிய பழி. வருகிற சனத்தை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்த் திறந்திருக்கிறது. மாமியிடம் விளக்கிய அதே வாய், அதே கை! என்னை நானே அறையலாம் போலிருந்தது.

ஒற்றைக் கையால் வீட்டைப் பூட்டினேன். பூட்டினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரையும் வெளியே தள்ளிவிடும். கரடி போயிற்று. பூனையும் போயிற்று. மறுபடி கூப்பிட்டு, அவள் உள்ளே வர ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். மேடையில் கருகமணி காலிதாவின் கழுத்தருகே வந்துவிட்டது.

"மாமி, கட்டாதீங்க! நிறுத்துங்க!"

இருநூறு பெண்கள் கப்சிப். அஸ்தஃபிருல்லாஹ் என்று யாரோ பதறினார்கள். கல்யாணத்தில் கருகமணியை நிறுத்தச் சொன்ன கேமராக்காரி இந்தக் கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

கேமராவில் சார்ஜ் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஈ காக்காவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சைனம்பு மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவத் தொறந்து வச்சிட்டேன் மாமி. என் தப்புத்தான். வேத்தாளு ஒண்ணு உள்ள வந்து பாத்திருச்சு. இப்பப் பூட்டிட்டேன். சுஹாவும் வெளிய போயிட்டா, இன்னும் பாக்கல."

"காலிதா முகம் தெரிஞ்சிச்சா?"

"குனிஞ்சிருந்தா, முக்காடுதான் தெரிஞ்சிச்சு. ஆனா பக்கத்துல நின்ன உங்க முகம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

ஐந்து வருஷத்துப் பெயர் அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் லென்ஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நேரம் போவுது சம்மந்தி" என்றார் காஜா நவாஸின் உம்மா.

அப்போது காலிதா மருதாணிக் கையைத் தூக்கித் தன் கழுத்தை மறைத்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மணப்பெண், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"லாத்தா வரட்டும்."

அக்காவை அவள் கூப்பிடுவது அப்படித்தான். சைனம்பு மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்பது வயசுல என் முகத்த எவனோ பாத்தா பாத்துட்டுப் போறான். ஒன்னோட பொறவு பேசிக்கிடுறேன். இப்ப எம்மூத்தவள உள்ள கூப்புடு."

கூப்பிட்டேன். மற்றவர்களை விட்டுவிட்டு முதலில் அவளை மட்டும் கூப்பிட்டேன். மண்டபமே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூட்டிய கதவைத் தாண்டி மஞ்சள் பூனை உள்ளே வந்து விழுந்தது.

"கட்டிட்டாங்களா? முடிஞ்சிருச்சா?" அழுகையில் சுஹாவின் குரல் உடைந்திருந்தது.

"இல்லடி. ஒனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

இன்னொரு முறை கதவைப் பார்த்துவிட்டு லென்ஸிலிருந்து கையை எடுத்தேன். காலிதாவும் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். காஜா நவாஸின் உம்மா பிஸ்மி சொல்லிக் குனிந்தார்.

"ஒண்ணுமே தெரியலயே" என்றாள் சுஹா. "காலிதா, நிமிருடா தங்கம். ஒன் மூஞ்சியப் பாக்கணும்."

எங்கள் ஊர் மணப்பெண் அந்த நேரத்தில் நிமிர மாட்டாள். காலிதா நிமிர்ந்தாள். முக்காட்டை விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு நேராக என் கேமராவைப் பார்த்தாள். முடிச்சு விழுந்தது. சார்ஜாவில் சுஹா வாய்விட்டு அழுதாள். இங்கே காலிதா அழாமல், அக்காவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"பொண்ணு இப்புடியா சிரிக்கும்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

சிரிக்கட்டும் என்று நான் அந்தச் சிரிப்பை இன்னும் கிட்டத்தில் காட்டினேன்.