மன்னிக்கப் பேர் வேண்டும்

வடக்கில் சிப்பாய்கள் செத்த செய்தி வந்த மறுநாள், கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சிங்களக் கிராமத்து ஆட்கள் புகுந்து, தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். 1998ஆம் வருடம் அது. தோட்டத் தொழிலாளர் தலைவர் முத்துவீரனின் மனைவி தங்கம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். வெளியே வர முடியவில்லை.

கூட்டத்தை நடத்தி வந்தது கிராமத்துத் தலைவர், கடைக்கார ரத்னசிறி முதலாளி. முத்துவீரன் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். சாட்சி சொல்ல வேறொருவரும் துணியவில்லை. இரண்டு வாரத்தில், தாயின் காரியத்துக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் இந்திரகுமாரைப் புலி என்று பொலிசார் பிடித்துப் போனார்கள். யாரோ அவன் மேல் பெட்டிசம், பேரில்லாத புகார்க் கடிதம், போட்டிருந்தார்கள்.

பிறகு பாண் ரொட்டி விற்கும் நிலாம் ஒரு கடிதம் கொண்டுவந்தான். சிங்களத்தில், கையெழுத்தில்லாமல், ரத்னசிறி எழுதியது. "வழக்கை வாபஸ் வாங்கு. பெட்டிசம் பொய்யென்று எழுதிக் கொடுக்கிறேன். நாங்கள் உங்களை மன்னிக்கிறோம். நீங்களும் எங்களை மன்னியுங்கள்."

"சரின்னு சொல்லிருங்கப்பா. அண்ணன் வரட்டும்" என்று மகள் ஜீவராணி அழுதாள்.

முத்துவீரன் சிங்களத்திலேயே பதில் எழுதினார். "சமாதானத்துக்குச் சம்மதம். ஆனால் யாரை மன்னிப்பது? வந்தவர்களின் பேரை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கோயிலில் ஒவ்வொரு பேராகச் சொல்லி மன்னிக்கிறேன்."

ரத்னசிறி பிரதேச சபைத் தேர்தலில் நிற்க இருந்தார். வழக்கு இருந்தால் கட்சியில் இடம் கிடைக்காது. தோட்டத்துக் கிழவன் என்ன செய்துவிடப் போகிறான் என்றும் நினைத்திருப்பார். இரண்டு முறை மறுத்து எழுதியவர், மூன்றாம் முறை ஐந்து பேர்களை எழுதினார். "தீ வைக்கச் சொன்னது நான். உள்ளே ஆள் இருந்தது தெரியாது." கீழே கையெழுத்து.

அன்றைக்கே அந்தக் கடிதம் இரத்தினபுரியில் வக்கீலின் மேசைக்குப் போனது.

ரத்னசிறியைப் பிடித்ததும் அவர் மனைவி லயத்துக்கு ஓடி வந்தாள். "மாத்தயா, ஐயா, சமாதானம் என்றுதானே எழுதினீர்கள்?" என்று சிங்களத்தில் கெஞ்சினாள்.

"மன்னிக்கப் பேர் வேணும்னு கேட்டேன். மன்னிச்சிட்டேன்னு எங்க எழுதினேன்?" என்றார் முத்துவீரன், அவளுடைய மொழியிலேயே. "தங்கம்மா இருந்தா அவகிட்டக் கேட்டுப் பாருங்க."

பெட்டிசம் பொய்யென்று எழுதிக் கொடுக்க இனி ஆளில்லை. பதினான்கு மாதம் கழித்துத்தான் இந்திரகுமார் வீடு வந்தான். இடது காது கேட்கவில்லை. ஜீவராணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த மொதக் கடுதாசிக்கே சரின்னு எழுதியிருந்தா, அப்பவே வந்திருப்பேன்ல?"

"வந்திருப்ப."

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"தெரிஞ்சேதான். ஒங்கம்மாவக் கொளுத்தினவன் கடையில ஒக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருப்பான். அதப் பாத்துக்கிட்டு நீ இருப்பியா?"

"இருந்திருப்பேன்பா" என்றான் இந்திரகுமார். அடுத்த வாரமே கொழும்புக்குத் திரும்பினான்.

2002இல் தீர்ப்பு வந்தது. விலங்கோடு ரத்னசிறி வண்டியில் ஏறுவதை முத்துவீரன் கடைசிவரை நின்று பார்த்தார். நெஞ்சு குளிர்ந்தது. மகனிடம் சொல்ல, அவன் வேலை செய்த கடைக்குப் போன் போட்டார்.

"இந்திரகுமார் இல்லீங்க" என்று இந்திரகுமாரின் குரலே சொன்னது.