மாப்பிள்ளை இல்லாத குரவை

1

இந்தக் கதை அடுத்த வீட்டு வளவிலிருந்து கேட்ட ஒரு குரவையில் பிறந்தது. குரவை என்றால் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குலவை, கேட்டால் கல்யாணம் என்று அர்த்தம். தெருவே அங்கே ஓடியது. நான் வேலியோரம் நின்றுகொண்டேன். எழுத அந்த இடம் போதும்.

முதலில் தொடங்கியது இப்படி: ‘சாய்ந்தமருதுக் கடல் அன்று…’

கடலுக்கு இதில் வேலை இல்லை. விட்டுவிட்டேன்.

2

அந்த வளவின் ஸுலைஹா றாத்தா, எனக்கு அக்கா முறை, கலைஞர். ஒலி, வீடியோ, வெளிச்சம், தெருவில் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அறையையே படைப்பாக்குவார். மீன் ஏலத்தை ஐஸ் பெட்டிக்குள் ஒலிக்கவிட்டது அவரது முதல் வேலை. தலையை உள்ளே விட்டால்தான் கேட்கும். அது டில்லி வரை போனது. ஊரில் அவர் ‘வயர் இழுக்கிற புள்ள’தான்.

வேலை செய்வது, அவருடைய கல்யாணத்துக்கென்று உம்மா சபியா அதே வளவில் கட்டிய வீட்டில்.

(இங்கே மகளுக்கு வீடு கட்டித்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வீடு முடிந்தது. மாப்பிள்ளை வரவில்லை, அல்லது றாத்தா வரவிடவில்லை. எனக்குத் தெரியாது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

கொழும்புக் கண்காட்சிக்கான புதிய படைப்பு குரவை. ஏழு பெண்களின் குரலைத் தனித்தனியே பதிந்து, ஏழு ஸ்பீக்கரில், வெறும் மணவறையில் ஒலிக்கவிடுவது. குரவையை ஒருவர் எடுக்க, மற்றவர்கள் சேர்வார்கள். எடுத்த குரல் சபியா உம்மாவுடையது.

அஸர் தொழுகைக்குப் பிறகு றாத்தா அதை ஒரு தடவை போட்டுப் பார்த்தார். ஜன்னலைச் சாத்தவில்லை.

ஓடி வந்த தெருவுக்கு முன்னால் பஹ்மிதா மாமி வாழைப்பழச் சீப்போடு வந்துவிட்டார். “என்னகா, சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணக் காவின் எழுதிட்டீங்களா? மாப்புள எங்க?”

“மாப்புள இல்ல மாமி, ஸ்பீக்கர். ஏழு.”

“ஏழா! ஆம்புளைக்கே நாலுதானே புள்ள!”

எல்லோரும் சிரித்தார்கள். சபியா உம்மாவைத் தவிர. அகப்பையோடு குசினியிலிருந்து அவரும்தான் ஓடி வந்திருந்தார், தன் குரல் என்று தெரியாமலே.

[இங்கே அவருடைய முகத்தை எழுத முயன்றேன். ‘அவருடைய முகம்…’ வேண்டாம்.]

4

கூட்டம் போன பிறகு:

“என்ட குரவைய அதுலருந்து எடுத்துடு மகள்.”

“நீங்கதானே உம்மா தந்த?”

“ஊரார்ட புள்ளைகளுக்கெல்லாம் போட்டுட்டேன். உனக்கெண்டு ஒண்டு வெச்சிருந்தேன். நீ கேட்டெண்டு தந்தேன். இப்ப ஊரு சிரிக்குது.”

“கொழும்பில சிரிக்க மாட்டாங்க.”

“ஓம். அங்க ஆரு ஓடி வருவா?”

றாத்தா வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். நான் கதைக்கு முடிவுகளைத் தேடுகிறேன்.

5

உம்மா சம்மதிக்கிறார், கொழும்பில் கைதட்டல். (நான் கொழும்பு போனதில்லை. கைதட்டலை எழுத வரவில்லை.)

ஒரு மாப்பிள்ளை வருகிறார். (பஹ்மிதா மாமிக்கு வேண்டிய முடிவு. அவரே எழுதட்டும்.)

றாத்தா அந்தக் குரலை அழிக்கிறார். எடுக்க ஆளில்லாமல் ஆறு குரவைகளும்…

நடந்தது இவ்வளவே. காலையில் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வேன் வந்தது. ஆறு ஸ்பீக்கர்கள் ஏறின. ஏழாவதை றாத்தா உம்மாவிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லுங்க உம்மா. ஏத்தவா, வைக்கவா?”

சபியா உம்மா அதை வாங்கி, பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டார். ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். உம்மா முந்தானையைச் சரிசெய்து, வாயைத் திறந்தார்.

வந்தது சொல்லா, குரவையா? எழுத மாட்டேன்; நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குரவை என்று வைத்தால் மட்டும், உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஓடி வரவேண்டும்.