மூட்டைக்குள் வெள்ளைத் தூள்

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மருமகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் கேபிள் ஃபேக்டரியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நான் பிளாஸ்டிக் மணிகளை மூட்டை மூட்டையாக மெஷினில் கொட்டுகிறவன். அது உருகித்தான் கேபிளுக்கு உறையாகும்.

உறை இன்னும் அதிக மின்சாரம் தாங்கவேண்டும் என்று மணியில் ஒரு மருந்து சேர்த்திருந்தாள். இரண்டு வருஷ உழைப்பு. சோதனையில் இரண்டு தடவை உறை பொத்துக்கொண்டது. மூன்றாவதும் போனால் மருந்தையே கைவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"உன் மருந்து வெறும் தண்ணிம்மா" என்றேன், சாப்பிடும்போது.

"என் லேப்ல செஞ்ச துண்டு தாங்குது மாமா. உங்க மெஷின் வழியா வந்தாதான் தாங்கல."

"அப்ப பழி என் மேலயா?"

"உங்க மேல பழி போட்டுட்டு இந்த வீட்ல சோறு திங்க முடியுமா?" என்றாள். என் மகன் குனிந்துகொண்டு சிரித்தான்.

மறுநாள் காலை மூன்றாவது சோதனைக்கான மூட்டையைப் பிரித்தேன். உள்பை முழுக்க வெள்ளைத் தூள். தூசி ஒரு துளி விழுந்தாலும் உறை கெட்டுப்போகும். அதனால் மணியைச் சல்லடையில் சலித்து, தூளைப் பையோடு குப்பையில் போடுவது என் வழக்கம். சாப்பிடும்போது அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டி மூடிய மூட்டைக்குள் தூசி எப்படிப் போகும்? விரலால் தேய்த்தேன். மெழுகு மாதிரி வழுக்கியது. பையைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

ஏதோ கருவியில் வைத்துப் பார்த்தாள்.

"இது என் மருந்து மாமா. குடோன் குளிர்ல மணியை விட்டு வெளிய வந்திருக்கு. இதை என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போடுவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மேனேஜர்கிட்ட குடோன் குளிர்னு மட்டும் சொல்லிடறேன். உங்க பேரு வேண்டாம்" என்றாள்.

எனக்கு யாரும் முட்டுக்கொடுக்க வேண்டாம். இதற்கு என்ன வழி என்று அவளிடம் கேட்டுக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனேன். "மருந்தைத் தூக்கிப் போட்டது நான். மூட்டையைச் சூடான ரூம்ல நாலு நாள் வைக்கணும். மருந்து திரும்ப மணிக்குள்ள போகும்னு சொல்றா. அப்புறம்தான் கொட்டணும்."

"இன்னைக்கே கொட்டியாகணும் பெரியவரே."

"கொட்டுறவன் நான். கொட்ட மாட்டேன்."

"மருமகளை அவ்வளவு நம்புறீங்களா?"

"அவளை யாரு நம்பினா? தூளை என் விரல் பார்த்திருக்கு."

நாலு நாள் கிடைத்தது. ஐந்தாம் நாள் பையில் விரலை வைத்துத் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மணி விடாமல் கொட்டினேன்.

அந்தக் கேபிளில் மின்சாரத்தை ஏற்றி ஏற்றிச் சோதித்தபோது மீட்டர் முள்ளை நானே பார்த்தேன். போன இரண்டு தடவை பொத்துக்கொண்ட அளவைத் தாண்டியது. மேனேஜர், "போதும்" என்றார்.

"போதாது சார்" என்றாள் மருமகள். "ஏத்துங்க."