கட்டுப்பாட்டுக் குழுவில் நான் ஒருவன்

என் மைத்துனிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம். முடிவெடுப்பதற்கு முன் கணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் இல்லாட்டி உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டிய கேள்வி. ஆனால் என் சகலை புள்ளியியல் பேராசிரியர்.

"அதுக்கு இன்னும் தரவு இல்லையே" என்றான்.

மறுநாளே ஆய்வு வடிவம் தயார். தினமும் காலையில் காசு சுண்டுவான். தலை விழுந்தால் அன்றிரவு அவள் அவன் வீட்டில். பூ விழுந்தால் எங்கள் வீட்டில். அவன் எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்பதைக் கையில் கட்டிய வாட்ச் கணக்கெடுக்கும். அவளும் சம்மதித்தாள். பாவம், அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

"ஊரே புழுக்கத்துல முழிச்சுக் கிடந்தா, நான் அவளை நினைச்சுத்தான் தூங்கலன்னு எப்படிச் சொல்றது சகலை? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கன்ட்ரோல் குரூப் வேணும்" என்று என் கையிலும் ஒரு வாட்சை மாட்டினான்.

"ஒரே ஆளு எப்படிய்யா குரூப்பு?"

"பட்ஜெட் அவ்வளவுதான்."

நான் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது என் பிழைப்பு. இவன் வாயை மூட வைக்கத் தெரியவில்லை. பூ விழுந்த நாளெல்லாம் அக்காளும் தங்கையும் அறையில் படுத்துக்கொள்ள, நான் ஹால் சோபாவுக்குத் துரத்தப்பட்டேன்.

எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்று வேறு மண்டையை உடைத்துக்கொண்டான். வழக்கமான டி-டெஸ்டுக்குத் தரவு கோணலாக இருக்கிறதாம். கடைசியில் தரவரிசைச் சோதனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அவகாசம் முடிவதற்கு முதல் நாள் எங்கள் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தான்.

திரையில் தூக்கக் கணக்கு மூன்று கோடுகளாக. அவள் இருந்த நாட்களின் கோடும் இல்லாத நாட்களின் கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று நேர்மையாக அறிவித்தான்.

மைத்துனிக்கு முகம் செத்துவிட்டது. "அப்போ நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." எழுந்து வாசல் வரை போய்விட்டாள். எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

வாசலில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "மேல தனியா போற கோடு யாரு?"

"நான்தாம்மா. கன்ட்ரோல் குரூப்" என்றேன்.

"அத்தான் இவ்வளவு தூங்குறாரு. நீங்க அதுல பாதிகூட தூங்கலையே! நான் இல்லாத நாளை விடுங்க. பக்கத்துலயே இருந்தப்போ ஏன் தூங்கல?"

சகலை தலையைக் குனிந்துகொண்டான். "காலைல காசு சுண்டணுமே. பூ விழுந்துடுமோன்னு பயமா இருந்துச்சு." தொண்டையைச் செருமினான். "அதனால இந்த வடிவமே தப்பு. மறுபடி முதல்லேர்ந்து..."

"ஒரு மண்ணும் வேணாம்." அவன் சட்டைப் பையிலிருந்த காசை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு லீவு எழுதிக் குடுங்க. அந்த ஊர்ல வீடு பார்க்க ரெண்டு பேருமா போறோம்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அவர்கள் போனபிறகு வாட்சைக் கழற்றினேன். சகலை மறந்துவிட்டுப் போன லேப்டாப்பையே என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தங்கச்சி வந்த நாளெல்லாம் நீங்க சோபாவுலதானே படுத்தீங்க?"

"ஆமா."

"அன்னைக்குமா ஏழு மணி நேரம்?"