துளையில்லாத வட்டம்

தேர்வுக் கண்காணிப்புக்கு வந்த கணக்கு டீச்சர் கொண்டுவந்த பதினோரு காம்பஸ்களும் சிறை வாசலிலேயே நின்றுவிட்டன.

“கூரா இருக்கு டீச்சர். உள்ள விட்டா என் வேலை போயிடும்,” என்றார் ஜெயிலர்.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எழுதற அதே பேப்பர்தான் சார் இவங்களுக்கும். வட்டம் போடாம எப்படி?”

“அந்த எட்டு மார்க்கை விட்டுட்டு எழுதட்டும்.”

நூலகக் கூடத்தில் பதினோரு கைதிகள் காத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் பழைய லாரி டிரைவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவர்.

“ரெண்டு தடவையும் அஞ்சாறு மார்க்குல போச்சுங்க டீச்சர். எம் பொண்ணும் இன்னிக்கு அது ஸ்கூல்ல இதே பேப்பர் எழுதுது. அது பாஸாகி நான் ஃபெயிலானா, பார்க்க வர்றப்ப மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?”

“கம்பிக்குப் பின்னாலதாண்ணே, வழக்கமா வைக்கிற எடத்துல,” என்றது பின்வரிசை. கூடமே சிரித்தது.

தேர்வு தொடங்க மணி அடித்தது. கடைசிக் கேள்வி, வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

அவர் ஸ்கேலை வைத்து ஆரத்தை அளந்தார். சுண்டுவிரல் நகத்தை மையப்புள்ளியில் ஊன்றினார். பென்சில் முனை தாளைத் தொட்டது. பிறகு வலது கை அசையவே இல்லை. இடது கை தாளை மெல்லச் சுற்றியது. கோடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்திலேயே மயிரிழை பிசகாமல் வந்து சேர்ந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தால், கூடம் முழுக்கத் தாள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பதினோரு கைகளும் அசையாமல் ஊன்றியிருந்தன. இத்தனை பேருக்கும் இதைப் பழக்க டிரைவருக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்? வீட்டுக்காரர் இருந்திருந்தால் இன்றைக்கு ஓட்டமாக ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். அவரும் கணக்கு வாத்தியார்தான். போய் இரண்டு வருஷமாகிறது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வட்டத்தின் நடுவே துளை இல்லை. காம்பஸ் குத்திய துளை இல்லாவிட்டால், மூடியையோ வளையலையோ வைத்து இழுத்த வட்டம் என்று மார்க்கை அடித்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவளும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இந்த டிரைவருடைய பழைய தாள்கள் யார் சிவப்பு மையில் போயினவோ!

விடைத்தாள்களைக் கட்டியதும் தேர்வுக் கண்காணிப்பாளர் எழுதவேண்டிய அறிக்கையை எடுத்தாள். ‘இங்கே காம்பஸ் அனுமதிக்கப்படவில்லை. வட்டங்கள் அனைத்தும் என் கண்ணெதிரே கையால் வரையப்பட்டவை.’ கீழே ஜெயிலரின் கையெழுத்தும் வேண்டும்.

“காம்பஸ் தரலைன்னு நானே கையெழுத்துப் போடணுமா? என் தலைதான் உருளும்.”

“போடலைன்னா இவங்க மார்க்கு உருளும் சார். ஒரே ஒரு நிமிஷம் வந்து பாருங்க.”

டிரைவர் வெற்றுத்தாளில் வரைந்தார். ஜெயிலர் குனிந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இன்னும் குனிந்தார்.

“இன்னொண்ணு போடு.”

போட்டார்.

“குடு இங்க.” ஜெயிலர் தானே விரலை ஊன்றித் தாளைச் சுற்றினார். கோடு எங்கேயோ போய் எங்கேயோ முட்டியது.

“முட்டை போட்டுட்டீங்க சார்,” என்றார் டிரைவர், பவ்யமாக.

யாரும் சிரிக்கவில்லை, ஜெயிலர் சிரிக்கும்வரை. பிறகு அவர் டிரைவரின் கையைப் பிடித்து, அந்தச் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தடியில் காய்ப்பேறிக் கல்லாக இருந்தது.

“டீச்சர், கையாலதான் போட்டாங்க, நானும் பார்த்தேன்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க,” என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.