திருப்பிப் போடாத சோழி

"அம்மா, எடுத்ததைத் திருப்பிப் போடலேன்னா, அடுத்து எடுக்கிறவங்களுக்குக் கணக்கே மாறிடுமாமே, ஏன்?"

லோசே இப்படிக் கேட்டபோது சியாலே பாய் முடைந்துகொண்டிருந்தாள். மகளின் கையில் ஒரு சிவப்புச் சோழி இருந்தது. டீச்சர் ஓலைக்கூடையில் ஏழு வெள்ளைச் சோழியும் மூன்று சிவப்புச் சோழியும் போட்டு, "திருப்பிப் போடாம ஒண்ணு எடு" என்றாராம். இவள் எடுத்ததை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"அடி திருட்டுப் பூனை! அது கணக்குக்குச் சொன்னதுடி."

"டீச்சர்தானே திருப்பிப் போடாதேன்னாங்க! போம்மா, திங்கக்கிழமை குடுத்துடறேன்."

திங்கட்கிழமைக்கு முன்பே காய்ச்சல் வந்தது. அந்த வாரத்திலேயே வவாவு தீவின் வெள்ளை மணலில் லோசேயை அடக்கம் செய்தார்கள். டீச்சர் வந்து விடியும்வரை சியாலேயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சோழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகொரு நாள் சீருடையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து சோழி விழுந்தது. சியாலே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தானே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கொடுப்பதாகச் சொன்னது அவள் பிள்ளை.

சாவு வீட்டார் உடுத்தும் வழக்கப்படி துக்கப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பள்ளி விட்டு எல்லோரும் போன பின் வகுப்பறைக்குள் நுழைந்தாள். கரும்பலகையில் 9 + x = 10 என்று எழுதியிருந்தது. கீழே x-க்கு விடை எழுதாமல் டீச்சர் இடம் விட்டிருந்தார்.

"ஆண்டவரே, என் பிள்ளை கடனை ஏத்துக்கும்" என்று முணுமுணுத்தபடி, சியாலே சோழியைச் சத்தமில்லாமல் கூடைக்குள் வைத்தாள்.