வலது மடிப்பு மேலே

"தோகியே, துண்டு எங்க?"

வெந்நீரூற்று விடுதியில், எங்கள் அறைக்கே உரிய வெந்நீர்த் தொட்டியிலிருந்து என் கணவர் குனிஹிரோ கத்தினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் வெந்த நண்டு போலச் சிவந்து, ஒரு பாட்டில் பீரையும் முடித்துவிட்டு ஏகக் குஷியில் இருந்தார்.

"இன்னைக்கு விருந்துல இகராஷி ஐயா வாயால ஆலோசகர் பதவின்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதும். ரிட்டயர் ஆனாலும் நான் ராஜாதான். நீ வாயத் திறக்காம சிரிச்சுக்கிட்டு உட்காரு."

"சரிங்க," என்றேன்.

இதே ஆள் முன்பும் ஒருமுறை என் வாயை அடைத்தார். அவருடைய முதலாளி இகராஷியின் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்றுதான் என் அம்மாவின் தகனம். ஊருக்குக் கிளம்பப் பெட்டியை எடுத்தேன். "செத்தவளுக்கு நீ வந்தியா வரலியான்னு தெரியவா போகுது? தீட்டுன்னு எவன்கிட்டயும் உளறித் தொலைக்காதே," என்றார். நான் பட்டு உடுத்திக் கல்யாண வாசலில் நின்றேன். ஊரில் யாரோ கூலிக்கு வந்தவர்கள் என் அம்மாவுக்குக் கடைசி உடையைக் கட்டினார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

துவட்டியதும் வழக்கம்போல இரண்டு கையையும் விரித்து நின்றார். விடுதி தருகிற யுகாதா அங்கியை நான்தான் கட்டிவிட வேண்டும். தானாகக் கட்டிக்கொள்ளத் துப்பில்லை. வலது மடிப்பு உள்ளே, இடது மேலே. உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதுதான் கட்டு. நான் இடதை உள்ளே வைத்து வலதை மேலே போட்டேன். பிணத்துக்குக் கட்டுகிற கட்டு. கச்சையை நன்றாக இறுக்கினேன்.

நடையில் எதிர்ப்பட்ட பணிப்பெண் அவரைப் பார்த்துப் பதறி வாயெடுத்தாள். ஒரு முறை முறைத்தேன். ஒதுங்கிப் போய்விட்டாள்.

விருந்துக் கூடத்தில் இவர் மண்டியிட்டு இகராஷிக்குச் சாக்கே மது ஊற்றினார். கிழவரின் பார்வை இவர் நெஞ்சிலேயே நின்றது.

"என்னய்யா கோலம் இது? யாரு கட்டிவிட்டது?"

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டது இந்த ஜென்மம். "எல்லாம் நம்ம வீட்டுக்காரிதாங்க ஐயா. கல்யாணமான நாள்லேர்ந்து அவ கைதான்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க," என்றேன். "உங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்குத்தான் எங்கம்மாவை எரிச்சாங்க. தீட்டோட நின்னுதான் எல்லாரையும் வாங்க வாங்கன்னேன். மூச்சு விடாதேன்னு இவர்தான் சொன்னார். பெத்தவளுக்குக் கடைசித் துணி கட்டக் கொடுத்து வைக்கல. இவருக்காவது என் கையால கட்டிப் பாத்துடலாம்னுதான்."

இகராஷி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்குத் தீட்டைக் கூட்டிட்டு வந்திருக்கே. இனிமே பதவி கிதவின்னு என் வாசப்படி மிதிக்காதே."

அப்போதுதான் இவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அவசரமாகக் கச்சையை உருவினார். அங்கி இரண்டாகத் திறந்துகொள்ள, எதை உள்ளே வைப்பது, எதை மேலே போடுவது என்று தெரியாமல் அள்ளிப் பிடித்தபடி நின்றார். கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கட்டிவிடேன்... எல்லாரும் பாக்கறாங்க," என்று என்னிடம் கெஞ்சினார்.

எனக்கு நல்ல பசி. உப்பிட்டுச் சுட்ட மீனைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.